சுங்கை சிப்புட் வீட்டுக்கு மரவடிவத் தரை: மீன்முள் வரிசையைத் தேர்ந்தெடுப்பது முதல் போட்டு முடிப்பது வரை

ஈப்போவிலுள்ள தரைக்கடைகளில் ஹெரிங்போன் என்று கேட்டால், பலகைகள் மீன்முள் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்த மாதிரிப் பலகையை எடுத்து வைப்பார்கள். பார்த்ததும் பிடித்துவிடும், தப்பில்லை. ஆனால் அந்த மாதிரி இருப்பது குளிரூட்டிய கடையில், மட்டம் பார்த்த மேடையில். அதை வாங்கிப் போடப்போவதோ பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், மாடியில்லாத வரிசை வீட்டில். அங்கே சிமெண்ட் தளம் நேராக மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவுவார்கள். வாசலில் செம்மண், ஹாலில் சாமி மேடை, இரவில் உள்ளே ஏற்றி நிறுத்தும் மோட்டார் சைக்கிள், பின்வேலிக்கு அப்பால் செம்பனை அல்லது பழைய ரப்பர் காடு. இதை எல்லாம் தாங்குகிற தரைதான் நமக்குத் தேவை.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசை இப்படிப் போகிறது: முதலில் தண்ணீர், அடுத்து அடித்தளம், பிறகு பொருள், அதன்பின் வடிவம், கடைசியில் நிறம். கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தரை ஒரே வருடத்தில் கெட்டுப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

1. வீட்டில் தண்ணீர் எங்கே, எப்படி விழுகிறது?

ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, ஒவ்வோர் அறையிலும் தரையை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். வாளி ஊற்றிக் கழுவுவதா, ஈரத்துணியால் துடைப்பதா, வெறும் கூட்டலா என்ற மூன்று பதில்தான் வரும்.

வாளி ஊற்றும் இடத்தில் மரம் போன்ற அச்சுள்ள போர்சலின் டைல்ஸைத் தவிர வேறு எதையும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எஸ்பிசி பலகையை, அதாவது கல்பொடியும் பிவிசியும் சேர்த்து அழுத்திய பலகையைத் "தண்ணீர் புகாது" என்று சொல்லி விற்பார்கள். பலகை தண்ணீரில் கெடாது என்பது உண்மை. ஆனால் இரண்டு பலகை கொக்கி போட்டுச் சேரும் இணைப்பு வழியே, தேங்கி நிற்கும் தண்ணீர் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இறங்கியது வெளியே வர வழியில்லை. சில வாரத்தில் அறைக்குள் புளித்த வாடை அடிக்கும், கால் வைத்தால் சுவரோரத்தில் கறுப்பு நீர் எட்டிப்பார்க்கும். லேமினேட் இன்னும் மோசம். அதன் உடல் அழுத்திய மரத்தூள் என்பதால் ஓரங்கள் உப்பி மேலே எழும்பிவிடும். காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது.

துடைத்துச் சுத்தம் செய்யும் படுக்கையறைக்கும், மாடி இருந்தால் மாடி அறைக்கும் எஸ்பிசி பொருத்தமானது. ஆண்டுக் கடைசி மழையில் வடிகால் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் ஏறும் தாழ்வான தாமான் (குடியிருப்புப் பகுதி) என்றால், கீழ்த்தளம் முழுவதற்கும் டைல்ஸ்தான். வெள்ளம் வடிந்த பிறகு டைல்ஸைக் கழுவிவிட்டு அதன்மேல் வாழலாம். எஸ்பிசியை முழுக்கக் கழற்றி, அடியில் உலர்த்தி, மறுபடி கோக்க வேண்டும். கழற்றும்போது கொக்கிகள் உடைவதால் எல்லாப் பலகையும் மிஞ்சாது.

2. அடித்தளத்தைச் சோதியுங்கள்

ஈரம்: இரண்டடிக்கு இரண்டடி தடித்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, 24 மணி நேரம் விடுங்கள். வெளிச்சுவர் ஓரம், குளியலறைச் சுவர் ஓரம், ஹாலின் நடு என மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் செய்வது நல்லது. பிரிக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ, சிமெண்ட் கறுத்திருந்தாலோ மண்ணின் ஈரம் தளம் வழியே மேலே வருகிறது என்று பொருள். பழைய மலிவு விலை வீடுகளில் தளத்தின் அடியில் பிளாஸ்டிக் விரிப்பு சரியாகப் போடாமல் விட்டிருப்பது புதிதல்ல. மழையே இல்லாத மாதத்தில் சோதித்து நல்ல பதில் வந்தால் அதை முழுதாக நம்ப வேண்டாம். அடைமழை பெய்த வாரத்தில் இன்னொரு தடவை பாருங்கள்.

ஈரம் இருந்தால் மூன்று வழி உண்டு. டைல்ஸ் போட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. பசை போட்டு ஒட்டும் வினைல் என்றால் எப்பாக்ஸி ஈரத்தடுப்புப் பூச்சு கட்டாயம். அது இல்லாவிட்டால் பசை இளகிப் பலகை நழுவும். பசையில்லாமல் மிதக்கும் எஸ்பிசி என்றால் 0.2 மி.மீ. பாலித்தீன் தாளை விரித்து, ஒரு தாளின் மேல் இன்னொன்று 20 செ.மீ. ஏறும்படி ஒட்டிப் போடலாம். பலகையின் அடியிலேயே நுரை ஒட்டிய வகையாக இருந்தால் இன்னொரு நுரை விரிப்பைச் சேர்க்காதீர்கள். "மெத்து மெத்தென்று இருக்கும்" என்று கடைக்காரர் சொல்வார். அந்த மெத்துதான் நடக்க நடக்கக் கொக்கியை ஒடிக்கிறது.

மட்டம்: இரண்டு மீட்டர் அலுமினியக் கட்டையைத் தரையில் வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை அளந்து பாருங்கள். 3 மி.மீட்டருக்கு மேல் இருந்தால் சமன்படுத்த வேண்டும். மீன்முள் வரிசைக்கு இது இரட்டிப்பு முக்கியம். காரணம் கணக்கில் இருக்கிறது. 12 அடிக்கு 16 அடி ஹாலுக்கு 1220×180 மி.மீ. நீளப்பலகை சுமார் 80 போதும். அதே ஹாலுக்கு 600×120 மி.மீ. மீன்முள் பலகை 250 வரை ஆகும். பலகை மூன்று மடங்கு, இணைப்பும் அந்த அளவுக்குக் கூடும், எல்லாமே சாய்வாக வேறு போகிறது. நீளப்பலகை தாண்டிப்போய்விடும் சின்னக் குழியில் மீன்முள் பலகை ஒன்று தனியாக இறங்கி நிற்கும். மாலை வெயில் வாசல் வழியே சாய்ந்து விழும்போது அதன் ஓரம் நிழல் கட்டித் தெரியும்.

சமன்படுத்தும் கலவை ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. கனத்துக்கு ஏறத்தாழ 1.5 முதல் 1.8 கிலோ பிடிக்கும். மேலே சொன்ன ஹால் 192 சதுர அடி, அதாவது 17.8 சதுர மீட்டர். சராசரி 3 மி.மீ. ஊற்ற 90 கிலோவுக்குச் சற்று மேல், 25 கிலோ மூட்டையில் நான்கு. ஊற்றுவதற்கு முன் பிரைமர் அடிக்காவிட்டால் கலவை ஓடுபோலப் பிரிந்து, நடக்கும்போது கரகரக்கும்.

சிவப்பு சிமெண்ட் தரை: தோட்டக் குடியிருப்புகளிலும் பழைய பட்டண வீடுகளிலும் மெழுகு தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கும் அந்தத் தரையின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. கழுவி உலர்த்திவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது. மெழுகு நுண்துளைகளுக்குள் இறங்கியிருக்கும். கிரைண்டர் போட்டுத் தேய்க்க வேண்டும், அல்லது உளியால் கொத்திவிட வேண்டும். எதைச் செய்தாலும் முடிந்ததும் மேலே தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் மெழுகு போகவில்லை. உறிஞ்சிக் கறுத்தால் சரி.

கம்பத்துப் பலகை வீடு (கிராமத்து மரவீடு): தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய மரவீட்டில் டைல்ஸ் வேண்டாம், தளம் அசைவதால் விரிசல் விட்டுவிடும். ஆடும் பலகைகளை ஆணிக்குப் பதிலாகத் திருகாணியால் இறுக்கி, மேலே 12 மி.மீ. பிளைவுட் அடித்து, அதன்மேல் எஸ்பிசி கோக்கலாம். வீட்டின் அடியில் காற்றோட்டத்தை அடைத்துவிடாதீர்கள், மேலே பிளாஸ்டிக் தாளும் விரிக்காதீர்கள். ஈரம் சிக்கினால் பழைய மரம் அடியிலிருந்து உளுத்துவிடும்.

3. எந்தப் பொருள்?

போர்சலின் டைல்ஸ்: நீர் உறிஞ்சும் அளவு 0.5 விழுக்காட்டுக்குள் இருப்பதைத்தான் போர்சலின் என்பார்கள்; பெட்டியில் பாருங்கள். மரவடிவத்தில் 150×600, 150×900, 200×1200 மி.மீ. அளவுகள் எளிதாகக் கிடைக்கும். வாசலுக்கும் சமையலறைக்கும் வழுக்காத மேற்பரப்பு வேண்டும், ஆர்10 என்றோ அதற்கு மேலோ குறித்திருக்கும். பளபளப்பான மரவடிவ டைல்ஸ் ஈரக்காலுக்கு ஆபத்து. பார்வைக்கும் அது மரமாகத் தெரியாது.

எஸ்பிசி: சுண்ணாம்புக்கல் பொடியும் பிவிசியும் சேர்த்து அழுத்திய பலகை. மொத்தக் கனம் 4 முதல் 6 மி.மீ. அதைவிட முக்கியமானது மேலே இருக்கும் தேய்மானப் படலம். ஹாலுக்கு 0.5 மி.மீ. கேளுங்கள், படுக்கையறைக்கு 0.3 போதும். விலை குறைந்த சரக்கில் பொடி கூடுதலாகவும் பிவிசி குறைவாகவும் இருக்கும். கொக்கி பிஸ்கட் போல ஒடியும். கடையில் இரண்டு துண்டு கேட்டு நீங்களே கோத்து, கழற்றி, மறுபடி கோத்துப் பாருங்கள். மூன்றாம் தடவையே ஓரத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அந்தச் சரக்கை விட்டுவிடுங்கள்.

பசை வினைல்: 2 அல்லது 3 மி.மீ. கனம். சதுரமான இடத்தில் மீன்முள் போட மலிவான வழி இதுதான். கொக்கி இல்லாததால் இடது வலது பலகை என்ற தொல்லையும் இல்லை. ஆனால் மெல்லியது என்பதால் அடித்தளத்தின் ஒவ்வொரு மணலும் மேலே பரு போலத் தெரியும்.

லேமினேட்: ஏசி4 தேய்மானத் தரம், 12 மி.மீ. கனம் என்று எழுதியிருந்தாலும் கீழ்த்தளத்தில் வேண்டாம். தண்ணீரை விடுங்கள், கரையான் ஒன்றே போதும் காரணத்துக்கு. ரப்பர் காட்டிலும் செம்பனைத் தோட்டத்திலும் உயிருள்ள மரத்தையே தின்னும் கரையான் இனம் நம் மண்ணில் இருக்கிறது. வெட்டிய தோட்டத்தின் மேல் எழுப்பிய தாமான்களில் மண்ணுக்குள் பழைய வேர்க்கட்டைகள் கிடந்தால் அவற்றுக்கு அதுவே தீனி. தளத்தின் வெடிப்பு வழியே ஏறி, மேல் அச்சைத் தொடாமல் அடியில் உள்ள மரத்தூளை மட்டும் அரித்துவிட்டுப் போகும். காலால் அழுத்தும்போது உள்ளே பொதுக்கென்று போனால்தான் வீட்டுக்காரருக்குத் தெரியவரும்.

எஸ்பிசியைக் கரையான் தின்னாது. ஆனால் அதன் அடியிலுள்ள மறைவான இடைவெளியைப் பாதையாக்கிக் கதவுநிலைக்குப் போகும். ஆகவே எதைப் போட்டாலும், போடுமுன் தளத்திலுள்ள வெடிப்புகளை அடைத்து, குழாய் நுழையும் இடங்களைப் பூசி, கரையான் மருந்தடிப்பவரைக் கூப்பிட்டுச் சுவரோரம் துளையிட்டு மருந்து ஏற்றிவிடுங்கள். தரை போட்ட பிறகு துளையிடுவது பெரும்பாடு. சுவரோரப் பட்டையை மரத்தூளில் வாங்காமல் பிவிசியில் வாங்குங்கள்.

அசல் மரம்: மாடியறைக்கு, ஈரம் ஏறாத இடத்துக்கு மட்டும். ரப்பர் மரப் பலகை வெளிர் நிறத்தில் அழகாக இருக்கும், நம் தோட்டத்து மரம் என்ற பாசமும் உண்டு. ஆனால் அதில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பிடிக்கும். போரான் மருந்து ஏற்றி உலர்த்திய சரக்காகத்தான் இருக்க வேண்டும். மெர்பாவ் மரம் உறுதியானது, ஆனால் நனைந்தால் செந்நிறச் சாயம் கசியும், பக்கத்துச் சுவரிலும் டைல்ஸிலும் கறை பிடிக்கும். செங்கால் (chengal) மரம் எல்லாவற்றையும் தாங்கும், விலையும் அப்படித்தான். பல அடுக்கு ஒட்டிய எஞ்சினியர்டு பலகை வாங்கினால் மேலுள்ள அசல் மரத்தோல் 3 மி.மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அப்போதுதான் பின்னாளில் தேய்த்துப் புதுப்பிக்க முடியும்.

4. வடிவமும் அறையின் அளவும்

மீன்முள்ளில் ஒவ்வொரு பலகையும் 45 பாகையில் சாய்ந்து நிற்கும். ஒரு சாய்வு அகலத்தில் பிடிக்கும் இடம், பலகை நீளத்தை 0.707ஆல் பெருக்கினால் வரும். 600 மி.மீ. பலகைக்கு 424 மி.மீ.; போய்த்திரும்பும் முழு முள்ளுக்கு 849 மி.மீ. இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டால் பாதித் தவறு போய்விடும். 12 அடி அகல ஹாலில் எட்டரைச் சாய்வு வரும், கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மூன்றடி நடைபாதையிலோ ஒரு முழு முள் மட்டுமே அடங்கி, வடிவம் எதுவென்றே தெரியாமல் வெட்டுத்துண்டுகளாகக் கிடக்கும். அங்கே நீளவாக்கில் நேராகவே போடுங்கள். குறைந்தது ஐந்து சாய்வாவது வராத அறைக்கு மீன்முள் வேண்டாம் என்பது எங்கள் கணக்கு.

முள்ளின் நுனி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? வாசலில் நின்று பார்ப்பவருக்கு நுனி வீட்டின் உள்பக்கம் போவதுபோல் இருந்தால் ஹால் நீண்டு தெரியும். அறையின் நீளவாக்கில் ஓட விடுவது பொதுவான வழக்கம். அகலவாக்கில் போட்டால் குறுகிய வரிசை வீடு இன்னும் குறுகும்.

செவ்ரான் என்பது பலகைகளின் முனையையே சாய்வாக வெட்டி, அம்புபோல நேர்கோட்டில் சேர்ப்பது. மீன்முள்ளில் ஒரு மி.மீ. பிசகினால் கண் மன்னித்துவிடும். செவ்ரானில் நடுக்கோடு முழுக்கப் படிக்கட்டுபோலத் தெரியும். கைதேர்ந்த ஆள் கிடைத்தால் மட்டும் இறங்குங்கள். டைல்ஸில் செவ்ரான் போட்டால் கூர்முனைகள் சிதறும், சேதம் கூடும்.

கூடைப்பின்னல் என்பது சில பலகைகளைக் குறுக்காகவும் பக்கத்தில் சிலவற்றை நெடுக்காகவும் கட்டம் கட்டமாக வைப்பது. அதற்குப் பலகையின் நீளம் அகலத்தின் சரியான மடங்காக இருக்க வேண்டும். டைல்ஸில் இடைக்கோட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 150 மி.மீ. அகலம் மூன்று, நடுவே 2 மி.மீ. கோடு இரண்டு, மொத்தம் 454. உங்கள் டைல்ஸ் 450 என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் 4 மி.மீ. இடிக்கும். வாங்குமுன் இந்தக் கூட்டலைப் போட்டுவிடுங்கள்.

நேராக அடுக்குவதாக இருந்தால் ஒரு சொல். நீள டைல்ஸைச் செங்கல்போல் பாதிக்குப் பாதி மாற்றி அடுக்காதீர்கள். சூளையில் வெந்த நீள டைல்ஸ் நடுவில் லேசாக வளைந்திருக்கும். பாதி மாற்றினால் ஒன்றின் மேடான நடுப்பக்கத்தில் மற்றதன் தாழ்ந்த முனை வந்து நின்று கால்விரலை இடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகர்த்தாமல் இருப்பதே சரி.

அறை சதுரமா என்று இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் சுற்றிக் கரை கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். கோணல் முழுவதும் அந்தக் கரையில்தான் வெளிப்படும்.

5. நிறமும் அச்சும்

கறுத்த பலகை தூசியைக் காட்டும், வெளிர் பலகை செம்மண்ணைக் காட்டும். தேக்கு நிறத்தை ஒட்டிய நடுத்தரப் பழுப்பு இரண்டையும் மறைக்கும். நிறத்தைவிட நாங்கள் கவனிக்கச் சொல்வது அச்சு எத்தனை விதம் என்பதை. ஒரு பெட்டியைத் திறக்கச் சொல்லி பத்துப் பலகையைப் பரப்புங்கள். ஒரே கண் முடிச்சு நான்கு பலகையில் தெரிந்தால், மீன்முள்ளில் அது ஹால் முழுக்கப் பொட்டு வைத்ததுபோல் திரும்பத் திரும்ப வரும். மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் பாருங்கள்.

6. எவ்வளவு வாங்குவது?

நேர் வரிசைக்கு 7 விழுக்காடு, மீன்முள்ளுக்கும் செவ்ரானுக்கும் 15 விழுக்காடு கூடுதல். 192 சதுர அடி ஹாலுக்கு 15 விழுக்காடு சேர்த்தால் 221. பெட்டிக்கு 20 சதுர அடி என்றால் கணக்கு 11.04 பெட்டி, ஆக 12. கொக்கியுள்ள மீன்முள் பலகை ஏ, பி என்று இடது வலதாக வரும், இரண்டும் சம எண்ணிக்கையில் வேண்டும். ஆகவே ஏ ஆறு, பி ஆறு. சில தயாரிப்புகளில் ஒரே பெட்டிக்குள் இரண்டும் பாதிப் பாதியாக இருக்கும். வேறு சிலவற்றில் தனித்தனிப் பெட்டி. லாரி வந்து இறக்கும்போதே எண்ணிப் பாருங்கள். 12 பெட்டியும் ஏ ஆகவே வந்து நின்றால் வேலைக்காரர்கள் அன்று திரும்பிப் போக வேண்டியதுதான்.

எல்லாப் பெட்டியிலும் ஒரே தயாரிப்புத் தொகுதி எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். டைல்ஸில் நிறக்குறியோடு அளவுக்குறியும் சேர்ந்து பொருந்த வேண்டும். இரண்டாம் தடவை போய் வாங்கினால் அதே தொகுதி கிடைப்பது அரிது.

7. போடும் வேலை

எஸ்பிசி பெட்டிகளை அறைக்குள் படுக்கவைத்து 48 மணி நேரம் விடுங்கள். வெயிலடிக்கும் போர்ச்சில் அடுக்க வேண்டாம். சூட்டில் விரிந்த பலகையைக் கோத்தால் இரவில் சுருங்கி இடைவெளி விடும்.

முதலில் அறையின் நடுக்கோட்டைச் சுண்ணக்கயிற்றால் அடியுங்கள். அதற்குச் செங்குத்துக் கோடு போட 3, 4, 5 அடி முக்கோணம் போதும். பிறகு ஏழெட்டுப் பலகையைக் கோத்து ஒரு முழு முள் செய்து, அதன் அகலத்தை அளந்து, பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கமாக நடுக்கோட்டின் மேல் வையுங்கள். சுவரிலிருந்து தொடங்கினால் ஒரு பக்கம் முழுப்பலகையும் எதிர்ப்பக்கம் விரலளவு முக்கோணத் துண்டும் வரும். நடுவிலிருந்து தொடங்கினால் இரண்டு சுவரிலும் வெட்டு சமமாக விழும். முதல் வரிசை இரண்டு மி.மீ. கோணினாலும் பத்தாம் வரிசையில் பலகை கொக்கியில் ஏறாது. அப்போது சுத்தியால் அடித்து ஏற்றுவார்கள், அங்கேதான் கொக்கி உடைகிறது. அடிக்கிற சத்தம் கேட்டால் நிறுத்தச் சொல்லி, கோட்டைச் சரிபாருங்கள்.

சுவர், தூண், கதவுநிலை எல்லாவற்றையும் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட வேண்டும். சுவரோரப் பட்டை அதை மூடிவிடும், ஆனால் பட்டையைச் சுவரில்தான் அடிக்க வேண்டும், பலகையில் அல்ல. ஒவ்வொரு கதவடியிலும் இணைப்புப் பட்டை வைத்துத் தரையைப் பிரியுங்கள். சமையலறை அலமாரியையும் மார்பிள் சாமி மேடையையும் மிதக்கும் தரையின் மேல் ஏற்றிவைத்து ஆணியடிக்கக் கூடாது. ஓரிடத்தில் பிடித்துக்கட்டிய தரை, உச்சி வெயிலில் விரிய இடமில்லாமல் நடு ஹாலில் கூடாரம்போல எழும்பும். கனமான மேடையை முதலில் சிமெண்டில் நிறுத்தி, பலகையை அதைச் சுற்றி வெட்டிப் போடுங்கள். மேற்கு பார்த்த கண்ணாடிக் கதவுக்குத் திரை கட்டாயம்.

டைல்ஸில் நடப்பது வேறு. போர்சலின் தண்ணீரை உறிஞ்சாது என்பதால் வெறும் சிமெண்ட் குழம்பில் அது பிடிக்காது. சி2 என்று குறித்த பாலிமர் பசை வாங்குங்கள், 10 மி.மீ. பல்லுள்ள கரணையால் தரையில் இழுத்து, டைல்ஸின் முதுகிலும் மெல்லப் பூச வேண்டும். சதுர மீட்டருக்கு 5 முதல் 6 கிலோ, நம் ஹாலுக்கு 25 கிலோ மூட்டை நான்கைந்து. நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அழுத்திவிட்டுப் போகும் வேலையை அனுமதிக்காதீர்கள். உருண்டைக்கு நடுவே காலியாக இருக்கும் இடத்தில் கனமான சாமான் விழுந்தால் டைல்ஸில் விரிசல் விழும். சுவரோரம் 5 மி.மீ. இடைவெளி இங்கேயும் உண்டு. டைல்ஸ் ஒருநாள் வெடித்து எழும்பிவிட்டது என்று நாம் கேள்விப்படுவதில் பெரும்பங்கு, இந்த இடைவெளி இல்லாததாலும் பசை முழுதாகப் பிடிக்காததாலும் வருவது.

மறுநாள் ஒரு காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். கணீரென்று வந்தால் பிடித்திருக்கிறது, பானையைத் தட்டினதுபோல் வந்தால் உள்ளே காலி. இடைக்கோடு பூசுமுன் அவற்றை எடுத்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள். பூசிய பிறகு எந்த ஆளும் திரும்பி வரமாட்டார்.

இடைக்கோடு 2 மி.மீ., நிறம் டைல்ஸைவிட ஒரு படி கறுப்பாக. வெள்ளைக்கோடு செம்மண்ணில் முதல் மழைக்கே மாறிவிடும்.

போடுமுன் இரும்புக் கிரில் கதவின் அடியை அளந்துவிடுங்கள். சமன்கலவையும் எஸ்பிசியும் சேர்ந்து 8 மி.மீ. ஏறும், பழைய டைல்ஸின் மேல் புது டைல்ஸ் என்றால் 15 மி.மீ. வரை. மரக்கதவை இழைத்துவிடலாம், கிரில்லுக்கு வெல்டிங் ஆள் வேண்டும்.

8. சாமி மேடையும் ரப்பர் கறையும்

பலகை ஓரத்தில் ஆழமான வி வடிவப் பள்ளம் இருந்தால் விளக்கெண்ணெய் அதற்குள் இறங்கி, சாம்பிராணித் தூளோடு சேர்ந்து கறுத்த கோடாக நிற்கும். மேடைக்கு முன்னால் மூன்றடிக்காவது பள்ளமில்லாத ஓரமுள்ள டைல்ஸ் போட்டு, இடைக்கோட்டை எப்பாக்ஸியில் பூசச் சொல்லுங்கள். சாதா சிமெண்ட் கோட்டில் மஞ்சளும் குங்குமமும் விழுந்தால் ஊறிவிடும். மஞ்சள் கறை வெயில் பட்டால் வெளுக்கும்; குங்குமச் சாயம் அவ்வளவு எளிதில் போகாது. கற்பூரத் தட்டைத் தரையில் வைக்கும் வழக்கம் இருந்தால் அந்த இடம் எஸ்பிசியாகவோ வினைலாகவோ இருக்கக் கூடாது, சூட்டில் மேற்படலம் கொப்பளிக்கும்.

ரப்பரால் வரும் கறையைப் பலர் அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மோட்டார் சைக்கிள் டயர், ரப்பர் அடியுள்ள கால்மிதி, நாற்காலிக் காலில் மாட்டும் ரப்பர் மூடி ஆகியவற்றிலுள்ள வேதிப்பொருள் வினைலுக்குள்ளும் எஸ்பிசியின் மேற்படலத்துக்குள்ளும் ஊறி, மஞ்சள் பழுப்பாகப் படியும். அது மேலே ஒட்டிய அழுக்கல்ல, உள்ளே இறங்கிய நிறம். எந்தச் சோப்பும் எடுக்காது. மோட்டார் சைக்கிள் உள்ளே வரும் வீடாக இருந்தால் அந்தப் பகுதிக்கு டைல்ஸ். மற்ற இடத்தில் நூல் மிதியடியும், நாற்காலிக் காலுக்கு ஒட்டும் கம்பளித்துணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

9. காண்ட்ராக்டரோடு தாளில் எழுத வேண்டியவை

சதுர அடிக் கணக்கு ஒன்றை மட்டும் பேசிவிட்டு வேலையைத் தொடங்கினால், நடுவில் ஒவ்வொன்றாகக் கூடுதல் காசு கேட்பார்கள். பழைய தரையைக் கொத்தி வெளியேற்றுவது யார் செலவு, சமன்கலவை மூட்டைக்கு எவ்வளவு, சுவரோரப் பட்டை அடிக்கு எவ்வளவு, கதவடிப் பட்டை எத்தனை, கதவு இழைப்பது சேர்த்தா இல்லையா என்பதெல்லாம் தாளில் இருக்கட்டும். மீன்முள் போடும் கூலி நேர் வரிசையைவிடக் கூடுதலாகத்தான் கேட்பார்கள், அது நியாயமானதே. வெட்டும் வேலையும் கூடும். ஆனால் அவர் முன்பு போட்ட மீன்முள் தரை ஒன்றை நேரில் காட்டச் சொல்லுங்கள். போய்ப் பார்க்கும்போது நடு ஹாலைப் பார்க்க வேண்டாம், கதவுநிலையின் அடியையும் தூண் ஓரத்தையும் குனிந்து பாருங்கள். சிலிக்கான் பூசி அடைத்த இடைவெளிகள் எத்தனை என்று அங்கே தெரிந்துவிடும்.

மிச்சமாகும் பெட்டி வீட்டுக்காரருக்கே என்றும் எழுதுங்கள். ஏ, பி இரண்டிலும் மிஞ்சிய பலகையைக் கட்டிலின் அடியில் படுக்கவைத்து வையுங்கள், நிறுத்தி வைத்தால் பலகை வளையும். பெட்டியின் மேலுள்ள தொகுதி எண்ணைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். ஐந்து வருடம் கழித்து ஒரு பலகையில் அம்மிக்கல் விழுந்தால் கடைக்காரர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.